எரிந்த தாளும் எழாத உடலும்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி விழாவில் நான் ஒரு பையனைப் பார்த்து 'எந்திரிடா' என்றேன். தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கி இரண்டு வரி ஓடியிருக்கும். முன்வரிசையில் விருந்தாளிகள், அடுத்த வரிசையில் ஆசிரியர்கள், எல்லாரும் எழுந்தாயிற்று. பக்கவாட்டு வரிசையில் இவன் மட்டும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளையாட்டுக்கு உட்கார்ந்தவன் மாதிரித் தெரியவில்லை. யாரோடும் பேசவில்லை, போனைப் பார்க்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். நான் கொஞ்சம் குனிந்து சொன்னேன். குரல் தாழ்வாகத்தான் வந்தது, ஆனால் அந்த 'டா' இருந்தது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தான். பாட்டு முடிந்தது, உட்கார்ந்தோம். பிறகு நான் மேடையேறி பெரியாரும் தனிமனித விடுதலையும் என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினேன்.

அந்தக் குரலை நான் எங்கே கற்றேன்? பள்ளிக்கூட மைதானத்தில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைக் காலை வெயிலில் கொடி ஏறும், அசைந்தவன் காலில் பிரம்பு விழும். நம்மில் பலருக்குத் தேசம் அறிமுகமானதே அப்படித்தான். ஆனால் நான் 'எந்திரிடா' என்றது தேசத்துக்காக இல்லை. தேசிய கீதத்தின்போது ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் பக்கம் நின்று வாதாடுகிற ஆள் நான், வாதாடியும் இருக்கிறேன். தமிழ் என்றதும் என் வாய்க்குள்ளேயே போலீஸ்காரன் வந்துவிட்டான். அல்தூசர் சொல்லும் உதாரணம் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்: தெருவில் 'ஏய், உன்னைத்தான்' என்று போலீஸ்காரன் கூப்பிடுகிறான், திரும்பிப் பார்க்கிறவன் அந்த நொடியிலேயே அதிகாரத்துக்கு உட்பட்ட 'தன்னிலை' ஆகிவிடுகிறான். திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. கூப்பிடுகிறவனின் இடத்தில் நாம் எப்படிப் போய் நிற்கிறோம் என்பதற்கு அல்தூசரைவிட நம்ம ஊர் வரலாறு அதிகம் உதவும் என்று எனக்குப் படுகிறது.

இந்தியாவில் அரசியல் சட்டம் படிக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே நெட்டுருப் போடுகிற வழக்குகள் பலவற்றில் ஒரு தரப்பாக நிற்பது சென்னை அரசுதான். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை அரசு. ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை அரசு. சென்னை அரசு எதிர் வி.ஜி. ராவ். தனிமனித சுதந்திரம் என்ற பேச்சு குடியரசின் நீதிமன்றத்துக்குள் முதலில் நுழைந்ததே மெட்ராஸ் வாசல் வழியாக என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை.

அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினாறாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 26 அன்று, விசாரணையில்லாமல் ஆளைச் சிறையில் வைக்கிற தடுப்புக் காவல் சட்டம் வந்தது. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கட்சிதான் இதையும் செய்தது. 1947 டிசம்பரிலிருந்தே சிறையில் இருந்த கோபாலனுக்கு இந்தப் புதிய சட்டத்தின் கீழ் புதிய காகிதம் ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். சட்டமன்றம் முறைப்படி ஒரு சட்டம் செய்திருந்தால் போதும், அது நியாயமானதா என்று கேட்பது எங்கள் வேலையில்லை என்கிற அர்த்தத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் மே 19 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அதே நீதிமன்றம், பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகையைச் சென்னைக்குள் விடமாட்டேன் என்ற அரசாணையை ரத்து செய்தது. பத்திரிகைக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகைக்குக் கிடைத்ததும் நீடிக்கவில்லை. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்து பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்துவிட்டது.

இவையெல்லாம் கம்யூனிஸ்டுகளின் வழக்குகள். அப்போது திராவிட இயக்கத்தார் இவற்றைத் தங்கள் பிரச்சினையாக எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். அவர்களுடைய முறை ஏழு வருஷத்தில் வந்தது.

1957 நவம்பர் 3, தஞ்சாவூரில் திராவிடர் கழகத்தின் தனி மாநாடு. சாதிக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவுகளை எடுக்காவிட்டால் நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தைக் கொளுத்துவோம் என்று அங்கே முடிவானது. தேதி தற்செயலானதில்லை. 1949இல் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நாள் அது. வாதமும் சுற்றி வளைக்காத வாதம்: 17ஆம் பிரிவு தீண்டாமையைத்தான் ஒழிக்கிறது, சாதியை விட்டுவைக்கிறது, 25ஆம் பிரிவு மத சுதந்திரம் என்ற பேரில் சாதிக்குக் குடை பிடிக்கிறது. சட்டத்தை எழுதியவரே 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில், இதை எரிப்பதென்றால் முதல் ஆளாக நானே எரிப்பேன் என்ற பொருளில் பேசியிருந்தார். அம்பேத்கர் கோபத்தில் சொன்னார், பெரியார் நாள் குறித்தார் என்பதுதான் வித்தியாசம்.

அரசுக்கு ஒரு சங்கடம். ஒருவன் கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைத் தன் வீட்டு வாசலில் வைத்து எரித்தால் எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அப்படி ஒரு குற்றமே அப்போது இல்லை. ஆகவே குற்றத்தை உண்டாக்கினார்கள். அறிவிப்புக்கும் குறித்த நாளுக்கும் இடையிலிருந்த மூன்று வாரத்துக்குள் சென்னைச் சட்டமன்றம் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை. முதலமைச்சர் காமராசர், உள்துறை பக்தவத்சலம் கையில். காமராசரைப் 'பச்சைத் தமிழர்' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வருஷத் தேர்தலில் ஊர் ஊராகப் போய் ஆதரவு கேட்டவர் பெரியார். இந்தக் கதையைச் சொல்கிற நம்ம ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். நான் வேகமாக நடக்க விரும்பவில்லை. தமிழர் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் ஆட்சியையும் ஆளையும் ஒன்றாகப் பூட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. பச்சைத் தமிழர் ஆட்சியின் போலீஸ் பச்சைத் தமிழர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனது.

கழகம் தருகிற கணக்கின்படி எரித்தவர்கள் பத்தாயிரம் பேர், கைதானவர்கள் மூவாயிரம் பேருக்கு மேல். பலர் எதிர்வழக்காடவில்லை, ஆமாம், எரித்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில மாதம் முதல் மூன்றாண்டு வரை தண்டனை. பெரியாரை முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். டிசம்பரில் அவருக்குக் கிடைத்த ஆறுமாதத் தண்டனை, அவர் பேசிய பேச்சுகளுக்காகப் போட்ட வேறு வழக்கில். 1958 மார்ச்சில் திருச்சி சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் இறந்தார்கள். உடலைக் கொடுக்கச் சிறை நிர்வாகம் தயாராயில்லை. மணியம்மை சென்னைக்குப் போய் முதலமைச்சரைப் பார்த்து வாங்கிவர வேண்டியிருந்தது. பிறகுதான் திருச்சியில் இறுதி ஊர்வலம். எரிந்தது சில காசுக்குக் கிடைக்கிற தாள். போனது இரண்டு உயிர், அதற்கு மேல் எத்தனையோ பேரின் வருஷங்கள்.

தேசத்தின் கௌரவத்தைக் காப்பாற்ற இந்தியாவில் முதலில் சட்டம் செய்தவர்களில் ஒருவர் டெல்லிக்காரர் இல்லை, நாம்தான். பாராளுமன்றம் அதே பெயரில் ஒரு சட்டம் செய்தது பதினான்கு வருஷம் கழித்து, 1971 டிசம்பர் 23 அன்று, வங்கதேசப் போர் முடிந்த வாரத்தில்.

சட்டத்தின் பெயரில் இருக்கிற அந்தக் 'கௌரவம்' என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுத்தில் கௌரவம், அவமதிப்பு என்றெல்லாம் போட்டுக்கொள்கிறோம். பேச்சில் அதற்கு நம்மிடம் இருக்கிற சொல் மரியாதை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் மரியாதை என்பது மனத்துக்குள் இருக்கிற உணர்வு இல்லை. அது உடம்பு செய்கிற வேலை. மேல்சாதிக்காரர் தெருவில் வந்தால் திண்ணையில், கட்டிலில் இருக்கிறவன் எழ வேண்டும். தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்கோ இடுப்புக்கோ இறங்க வேண்டும். செருப்பு கைக்கு வர வேண்டும். சைக்கிள் வந்த பிறகு அதற்கும் ஒரு விதி வந்தது: ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளு. கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பதில் வெட்டுக்குத்து நடப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார்: ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மீறினால் குடிசை எரிந்தது. ஊரின் கௌரவம் காக்கப்பட்டது என்பதுதான் எரித்தவர்களின் மொழியாக இருந்திருக்கும்.

ஆக, 'எழுந்து நில்' என்பது தமிழில் அப்பாவியான ஒரு வாக்கியம் இல்லை. அது சாதியின் கட்டளை வாக்கியம். பாட்டன் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு முதுகெலும்பில் ஏறிய வாக்கியம். 1925இல் 'குடி அரசு' தொடங்கிக் காங்கிரசை விட்டு வெளியே வந்த மனிதர் தன் இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பேர் வைத்தபோது என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். மரியாதை என்பது கீழேயிருந்து மேலே செலுத்தப்படுகிற ஒன்று, அல்லது மேலே இருக்கிறவன் கோயிலில் வாங்கிக்கொள்கிற ஒன்று. அதன் தலையில் ஒரு 'சுய'வை ஒட்டியதும் அது திசை தெரியாமல் நின்றுவிடுகிறது. யாருக்கும் செலுத்தத் தேவையில்லாத மரியாதை, யாரும் கொடுக்கத் தேவையில்லாத மரியாதை. இதற்கு நடைமுறையில் ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: நான் எழமாட்டேன், துண்டை இறக்கமாட்டேன். இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் தனிமனித விடுதலைக்குக் கிடைத்த நல்ல சொல் இதுதான் என்பது என் எண்ணம். லிபர்ட்டி என்ற சொல்லுக்கு அகராதியில் எத்தனை தமிழ் கொடுத்திருந்தாலும் இதன் பக்கத்தில் வராது.

1957இல் மோதியவை இந்த இரண்டு மரியாதைகள்தாம். தேசம், ஊர்ப் பெரியதனக்காரனின் மரியாதையைத் தனக்குச் சட்டமாக எழுதிக்கொண்டது. எதிரே சுயமரியாதைக்காரன் தீப்பெட்டியோடு நின்றான்.

இவ்வளவு தெளிவாக இருந்த கோடு பிறகு எப்படிக் கலங்கியது என்பதுதான் விஷயம்.

1963ஐ எடுத்துக்கொள்வோம். திராவிட நாடு கேட்கிற கட்சியைத் தேர்தலிலிருந்தே விலக்கிவைக்கிற மாதிரி ஒரு திருத்தம் வேண்டும் என்று தேசிய ஒருமைப்பாட்டுக் குழு ஒன்று பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் சர் சி.பி. ராமசாமி அய்யர். 1947 ஜூனில் திருவிதாங்கூர் திவானாக இருந்துகொண்டு, இந்தியாவோடு சேரமாட்டோம், திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்தவர் இதே சி.பி. பிரிவினை என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவரிடம்தான் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்! அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று பதினாறாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சுக்கும் கூட்டத்துக்கும் சங்கத்துக்கும் இந்தியாவின் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்ற பேரில் புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. வேட்பாளர் இந்த இரண்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் தேர்தலிலேயே நிற்கலாம். அண்ணா மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார். பிறகு கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்டதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். அதே நவம்பரில் இந்தி ஆட்சிமொழி பற்றிய பதினேழாம் பகுதியை எரிக்கப் போய் அவர் ஆறுமாதத் தண்டனை வாங்கினார்.

1967இல் ஆட்சி வந்தது. வந்ததும் அண்ணா செய்த காரியங்களில் ஒன்று சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. அரசு ஒரு அடி பின்னால் போய், இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும், புரோகிதரோ தீயோ வேண்டாம் என்று சொன்னது. சுயமரியாதை என்ற சொல்லுக்கு அது நியாயம் செய்தது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டதற்கு நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்டதும் ஒரு காரணம் என்பதையும் மறக்கக்கூடாது. சென்னைச் சிறையில் அடிபட்டவர்களின் வரலாறு இருக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் அது அவதூறு.

அடுத்தது இதுதான். தங்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டங்களின் குடும்பத்தைத் திராவிடக் கட்சிகள் கலைக்கவில்லை, பெருக்கின. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி 14ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் வாயில் 'குண்டாஸ்'. விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயக்காரர், ரௌடி என்று தொடங்கிய பட்டியலில் 2004இல் திருட்டு வீடியோக்காரரும் சேர்ந்தார், 2014இல் இன்னும் சிலர். எந்தக் கட்சி வந்தாலும் பட்டியல் நீண்டதே தவிர யாரும் சட்டத்தைக் கிழிக்கவில்லை. 1950இல் கோபாலனுக்குக் கொடுத்த காகிதமும் இதுவும் ஒரே அச்சு. வைகோ விவகாரம் இன்னும் விசேஷம்: தன் கட்சி ஆதரித்த பொடா சட்டத்தின் கீழ், ஒரு பேச்சுக்காக, 2002 ஜூலையில் தமிழ்நாட்டு அரசாலேயே கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார்.

எல்லாம் ஒன்றாக வந்து முட்டிய வருஷம் 1986. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் துதிப்பது அவர்கள் நம்பிக்கைக்கு விரோதம். பல நாளாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பினார். விசாரித்தவர்கள் பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமதிப்பு எதுவுமில்லை என்றார்கள். இருந்தும் 1985 ஜூலையில் வெளியேற்றப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி, தத் ஆகிய இரண்டு நீதிபதிகள் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். பாட வேண்டும் என்று சட்டமில்லை. 1971 சட்டம் பாடுகிறவர்களைத் தடுப்பதைத்தான் குற்றமாக்குகிறது. இலாகா சுற்றறிக்கை எதுவும் மனசாட்சியைவிடப் பெரியதில்லை. அமெரிக்காவில் இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிவணக்கம் செய்யமாட்டோம் என்ற வழக்கில், 1943 ஜூனில், உலகப்போரின் நட்டநடுவில், அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் பிள்ளைகள் பக்கமே நின்றிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் சொன்ன தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு நின்றது. போர்க்காலத்தில் அதைச் செய்ய முடிந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்; 'நாடு இக்கட்டில் இருக்கும்போது இதெல்லாம் தேவையா' என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு.

ஆகஸ்டில் இது. நவம்பரில் தமிழ்நாட்டில் திமுகவினர் மறுபடியும் பதினேழாம் பகுதியை எரித்தார்கள். ஆயிரக்கணக்கில் கைது. கருணாநிதிக்குப் பத்து வாரக் கடுங்காவல். டிசம்பரில், அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று எடுத்த உறுதிமொழியை மீறிவிட்டார்கள் என்று சொல்லி, அன்பழகன் உள்ளிட்ட பத்து சட்டமன்ற உறுப்பினர்களின் பதவியைப் பறித்தார்கள். பறித்தது டெல்லி இல்லை. கட்சியின் பேரிலேயே அண்ணாவை வைத்திருந்தவர்களின் ஆட்சி. அண்ணா எந்தப் பகுதியை எரிக்கப் போய் உள்ளே இருந்தாரோ அதே பகுதி. அந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்று நவம்பரில் அதே சட்டமன்றம் தீர்மானமும் போட்டிருந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி அன்றைக்குத் தமிழ்த் தேசியமோ திராவிட இயக்கமோ பெரிதாகக் கொண்டாடியதாக எனக்குத் தெரியவரவில்லை. கொண்டாட அவர்களிடம் என்ன இருந்தது? கொடி இல்லை, இனம் இல்லை, எதையும் எரிக்கவில்லை. மூன்று பேர், அவர்களுடைய மூடிய வாய். நம் அரசியல் மொழிக்கு எரிகிற உடல் புரியும். 1964 ஜனவரியில் திருச்சி ரயில் நிலையத்தில் சின்னச்சாமி தன்னை எரித்துக்கொண்டார். மொழிக்காக இறந்த உடல் என்று சிலை வைத்தோம், பாட்டு எழுதினோம். அவர் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு முழுமைக்காகத் தன்னைக் கொடுக்கிற உடலுக்கு நம்மிடம் இருக்கிற இடம், எந்த முழுமைக்கும் தன்னைக் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிற உடலுக்கு இல்லை. இனத்துக்கு விடுதலை கேட்ட குரல் ஆளுக்கு விடுதலை கேட்கத் தயங்கியது இங்கேதான். 'சுய' என்றால் முதலில் ஒரு ஆள் என்றிருந்தது. நாளடைவில் 'நாம்' என்று ஆனது. 'நாம்' ஆனதும் அதற்கும் ஒரு மரியாதை தேவைப்பட்டது. மரியாதை வந்தால் எழுந்து நிற்கிறவனும் நிற்காதவனும் வந்துவிடுவார்கள்.

2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றமே தியேட்டர்களில் தேசிய கீதம் கட்டாயம், எல்லாரும் எழ வேண்டும் என்று உத்தரவு போட்டது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு தியேட்டரில் எழாதவர்களுக்கு அடி விழுந்தது. வழக்கும் அவர்கள் மேல்தான். அந்த உத்தரவை நாமெல்லாம் கண்டித்தோம், கூட்டம் போட்டோம். (தேசியம் என்ற சரக்கையே சந்தேகித்து 1917இல் ஒரு புத்தகம் போட்டவர்தான் அந்தக் கீதத்தை எழுதினார் என்பதையும் அந்தக் கூட்டங்களில் தவறாமல் சொன்னோம்.) 2018 ஜனவரி 9 அன்று நீதிமன்றம் கட்டாயத்தை எடுத்துவிட்டது. சரியாக இரண்டு வாரம். ஜனவரி 23 அன்று சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் உட்கார்ந்திருந்தார், தேசிய கீதத்துக்கு எழுந்தார். நாம் கொதித்தோம். நானும்தான்.

நியாயமான கொதிப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் உட்கார்ந்திருந்தது கட்டிலிலிருந்து எழாத கூலிக்காரனின் உட்காருதல் இல்லை. அது மேலே இருக்கிறவனின் உட்காருதல். யாருக்கு எழுவது யாருக்கு எழ வேண்டாம் என்ற பழைய வரிசையை மேடையில் வைத்துக் காட்டிய உட்காருதல். அதைச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, சாலை இருக்கிறது. சிலர் இராமேஸ்வரத்தில் இருக்கிற மடத்தின் கிளைக்குள் போய்ப் போராடினார்கள். அவர்கள் மேல் போட்ட வழக்கை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே, தமிழ்த்தாய் வாழ்த்து வழிபாட்டுப் பாடல்தான், அதற்கு எழ வேண்டும் என்று சட்டமோ ஆணையோ கிடையாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். அவருடைய மற்றத் தீர்ப்புகளைப் பற்றி எனக்கும் நண்பர்களுக்கும் வேறு அபிப்பிராயங்கள் இருக்கின்றன; இந்த இடத்தில் அது பேச்சில்லை. ஆணை இல்லை என்றாரா, அதே மாதம் 17ஆம் தேதி ஆணை வந்துவிட்டது. 1970இலிருந்து அரசு விழாக்களில் பாடப்பட்டு வந்த பாட்டு மாநிலப் பாடலானது, 55 நொடியில் பாட வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு.

1957இல் என்ன நடந்ததோ அதுதான் இது. ஒருவர் ஒரு சைகையைச் செய்யப்போகிறார் அல்லது செய்ய மறுக்கிறார், சட்டத்தில் இடமில்லை, ஆகவே உத்தரவு எழுது. இந்த ஆணையில் சிறைத் தண்டனை இல்லை, இரண்டையும் ஒன்றாக்காதே என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான், தண்டனை இல்லை. ஆனால் விலக்கைப் பாருங்கள். எழ முடியாத உடலை ஆணை மன்னிக்கிறது. எழ விரும்பாத ஆளை அதற்குத் தெரியவே தெரியாது. விஜயேந்திரருக்காக எழுதிய ஆணை அவரை ஒன்றும் செய்யப்போவதில்லை. அவர் தமிழ்த்தாய் வாழ்த்து இல்லாத மேடையில் உட்கார்ந்துகொள்வார். ஆணை கடைசியில் வந்து விழுகிற இடம் கல்லூரி, பள்ளிக்கூடம், பக்கவாட்டு வரிசை நாற்காலி. தண்டனை அரசாணையில் இல்லாவிட்டாலும் என்னைப் போன்ற எம்.ஏ. தமிழ்க்காரன் வாயில் 'டா'வாக இருக்கிறது.

அவன் ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியாது. யெகோவாவின் சாட்சியாக இருக்கலாம். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவனாக இருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். சும்மா தோன்றாமல் இருந்திருக்கலாம். இதில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காரணம் நன்றாயிருந்தால் விடலாம் என்று நினைப்பதும் போலீஸ் நினைப்புத்தான் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

பேச்சு முடிந்து சால்வையெல்லாம் போட்ட பிறகு அவனைத் தேடினேன். பஸ்ஸுக்குப் போய்விட்டான் என்றார்கள். அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "அவன் அப்படித்தான் சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் உறுத்திக்கொண்டே இருந்ததால் பத்து நாள் கழித்து அவருக்குப் போன் செய்தேன். பையன்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான். "அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல சார்" என்று சிரித்தார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்களாம், இனிமேல் எழுந்து நிற்கிறேன் என்று. அப்பாவும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம்.